நானூறு மீட்டர் பகை

தேவானை ஓட ஆரம்பித்தது சர்க்கரைக்காக. வேகமாக ஓட ஆரம்பித்தது விஜயராகவனுக்காக. இரண்டில் எது பெரிய வியாதி என்று கேட்டால் அவள் யோசிக்காமல் இரண்டாவதைத்தான் சொல்லுவாள்.

தி. நகரில் உஸ்மான் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் அவளுக்கும் அவள் கணவன் கோதண்டபாணிக்கும் பாத்திரக் கடை. நாற்பத்து நான்கு வயது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தக் கல்லாவுக்குப் பின்னால் நின்றே பாதி ஆயுள் போய்விட்டது. டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைக் காட்டி, "நடங்கம்மா, முடிஞ்சா ஓடுங்க" என்றார். துணி எடுக்கப் போகும் வழியில் கடைக்குக் குக்கர் வாங்க வந்த ஒரு அம்மாள், மயிலாப்பூரில் ஓட்டக்காரர் குழு ஒன்று இருக்கிறது என்று சொல்லி எண் கொடுத்தாள். இவளும் சேர்ந்துவிட்டாள்.

குழுவில் நாற்பது பேர். ஞாயிறுதோறும் விடியற்காலையில் நாகேஸ்வர ராவ் பூங்கா வாசலில் கூடி, கடற்கரைவரை போய்த் திரும்பிப் பத்து கிலோமீட்டர். எல்லோரும் வந்து சேர்ந்ததும் வாசலில் ஒரு போட்டோ. அப்புறம் பக்கத்து மெஸ்ஸில் பொங்கலும் காபியும். கடைசி ஆள் வரும்வரை போட்டோ எடுக்கக் கூடாது என்பது குழு தொடங்கிய நாள் முதல் இருந்த வழக்கம். கடைசி ஆள் எப்போதும் தேவானைதான். பத்து கிலோமீட்டருக்கு அவளுக்கு எண்பத்தேழு நிமிடம் ஆகும்.

குழுவுக்குக் கேப்டன் விஜயராகவன். அபிராமபுரத்துக்காரர். ஐம்பத்து நான்கு வயது. இன்சூரன்ஸ் வேலையிலிருந்து முன்னதாகவே ஓய்வு வாங்கிக்கொண்டு, மிச்ச வாழ்க்கையை அடுத்தவர்களுக்குப் புத்தி சொல்வதற்கென்று ஒதுக்கி வைத்திருந்தார். "பத்து கிலோமீட்டர், எழுபது நிமிஷம். பதினோரு வருஷமா இதேதான். ஒரு நிமிஷம் முன்ன பின்ன கிடையாது" என்பார். ஒருவர் கேட்டாலும் சொல்லுவார், கேட்காவிட்டாலும் சொல்லுவார். "ஒரே சீரா ஓடணும். கொஞ்சம் வேகம், கொஞ்சம் நடைன்னு போனா அதுக்குப் பேரு ஓட்டம் இல்ல."

இதெல்லாம் போகட்டும். மனிதர்களில் இப்படியும் இருப்பார்கள். ஆனால் ஜூலை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் லஸ் முனையில் நின்றுகொண்டு தேவானை ஓடி வருவதைச் செல்போனில் படம் பிடித்தார். அதை நான்கு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, பின்னால் நாதஸ்வரத்தைச் சேர்த்து, குழுவில் போட்டார். அடியில் ஒரு வரி: "நான்கு மடங்கு வேகத்தில் நம் மேடம். உள்ளபடியே போட்டால் உங்கள் டேட்டா தீர்ந்துவிடும்."

முப்பது பேர் சிரித்தார்கள். அவர்களில் யாரோ ஒரு புண்ணியவான் அதை வெளியே அனுப்ப, அது தி. நகர் வியாபாரிகள் குழுவுக்கு வந்து, அங்கிருந்து தூத்துக்குடிக்குப் போய், தேவானையின் நாத்தனார் போன் பண்ணி, "மதினி, டான்ஸா ஆடுதீக?" என்று கேட்டாள். அதற்கு இரண்டு நாள் கழித்து இட்லிக் கொப்பரை எடுக்க வந்த ஒரு பெண் இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீங்கதானே அந்த வீடியோ?" என்றாள். தேவானை கொப்பரையைத் துடைத்துக் கொடுத்தாள்.

அடுத்த ஞாயிறு விஜயராகவனிடம் நேராகவே போய், "சார், அதை எடுத்துருங்க. கடை வரைக்கும் வந்துட்டு" என்றாள்.

"அட, ஸ்போர்ட்டிவ்வா எடுத்துக்கணும் மேடம்" என்றார் அவர், சுற்றியிருந்தவர்களைப் பார்த்துக் கண்ணடித்தபடி. அன்றைக்கு அவள் ஓடி முடித்து வந்தபோது பூங்கா வாசலில் ஒருவரும் இல்லை. போட்டோ எடுத்தாகிவிட்டது. மெஸ்ஸில் அவர் கையில் காபியோடு, "மேடம் வர்ற வரைக்கும் நின்னா பொங்கல் ஆறிடறது. அதனால ரூலை மாத்திட்டோம்" என்றார்.

குழுவை விட்டு விலகியிருக்கலாம். கோதண்டபாணி அதைத்தான் சொன்னான். "விட்டுத் தள்ளு. நம்ம தெருவுல நடந்தா சர்க்கரை இறங்காதா?"

"சர்க்கரை இறங்கும். இது இறங்காது" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள் தேவானை.

ஜனவரி இரண்டாம் ஞாயிறு நகரத்தில் பெரிய பத்து கிலோமீட்டர் பந்தயம். குழுவே அதில் ஓடும். பெசன்ட் நகரில் தொடங்கி மெரினாவில் உழைப்பாளர் சிலை அருகே முடியும். அன்றைக்கு நாற்பது பேரும் பார்க்க, விஜயராகவனுக்கு முன்னால் தான் போய்ச் சேர வேண்டும். அந்த மனிதர் இவள் முதுகைப் பார்த்துக்கொண்டே ஓடி வர வேண்டும். வேறு எதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. மெடல் வேண்டாம், மன்னிப்பு வேண்டாம். மன்னிப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஆனால் எண்பத்தேழு எங்கே, எழுபது எங்கே?

வழி சொன்னவள் சாருலதா. குழுவில் இருந்த பிசியோதெரபிஸ்ட். அந்த வீடியோவுக்குச் சிரிக்காத பத்துப் பேரில் ஒருத்தி. ஒரு நாள் மெஸ்ஸில் கை கழுவும் இடத்தில் தேவானை அவளைப் பிடித்துக்கொண்டு, வேகமாக ஓட என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாள்.

"அக்கா, நீங்க தினமும் ஒரே வேகத்துல போறீங்க. உடம்பு அதுக்குப் பழகிடுச்சு. இன்டர்வெல் பண்ணுங்க. நானூறு மீட்டர் மூச்சு முட்ட ஓடணும். அப்புறம் ரெண்டு நிமிஷம் நடக்கணும். மறுபடி நானூறு. முதல்ல நாலு தடவை. போகப் போகப் பத்து. வாரத்துல ரெண்டு நாள்தான், மீதி நாள் மெதுவா."

"யாருகிட்டயும் சொல்லிராத, தாயி."

சாருலதா உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள்.

நானூறு மீட்டரை எப்படி அளப்பது? கைக்கடிகாரம் போட்டு அளப்பவர்கள் இருக்கிறார்கள். தேவானைக்கு அந்தப் பொத்தான்கள் பிடிபடவில்லை. அவளுக்கு இருந்தது அன்புச்செல்வியின் ஆட்டோ. விடியற்காலையில் பஸ்ஸை நம்ப முடியாது என்பதால் ஓட்டத்துக்குப் போகும் நாட்களிலெல்லாம் அதில்தான் போவாள். அன்புச்செல்விக்கும் இவள் வயதுதான். சைதாப்பேட்டை ஆற்றோரத்தில் பிறந்தவள். அரசாங்கம் வீட்டை இடித்துப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிய பிறகும் சைதாப்பேட்டை ஸ்டாண்டை விடாதவள். வீடியோ விஷயத்தைக் கேட்டதும் அவள் ஆட்டோவை ஓரம்கட்டிவிட்டுத் திரும்பி உட்கார்ந்தாள்.

"அந்த ஆளு வீடு எங்க கீதுன்னு மட்டும் சொல்லு. மீதிய நான் பாத்துக்கறேன்."

"அடிக்க வேண்டாம், அன்பு. ஓடி ஜெயிக்கணும்."

"அடிச்சா சீக்கிரம் முடிஞ்சிடும். சரி, உன் இஷ்டம். நான் இன்னா பண்ணணும்?"

அவள் பண்ணியது சென்னையில் யாரும் பண்ணாதது. மீட்டர் போட்டாள். அந்த டிஜிட்டல் மீட்டரில் போகிற தூரமும் தெரியும், நிற்கிற நேரமும் தெரியும். பட்டினப்பாக்கம் லூப் ரோட்டில் செவ்வாயும் வியாழனும் காலை ஐந்து மணிக்கு அன்புச்செல்வி முன்னால் ஆட்டோவை உருட்ட, அதன் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு பின்னால் தேவானை ஓடினாள். மீட்டர் நானூறு காட்டியதும் ஆட்டோ நிற்கும். இரண்டு நிமிடம் வெயிட்டிங். மறுபடி உறுமும்.

"மூணு பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணி வச்சேன், அப்பகூட மீட்டர் போட்டதில்ல. உனக்காகப் போடறேன். ஓடு!" என்று கத்துவாள்.

ஒரு நாள் ரோந்து வந்த போலீஸ்காரர் வண்டியை மறித்தார். மூச்சு வாங்க ஓடி வந்த தேவானையிடம், "என்னம்மா, உன் பையோட ஓடறாங்களா?" என்று பரிவோடு கேட்டார். விஷயத்தை விளக்கி அவரை அனுப்புவதற்குள் ஒரு சுற்றுக்கான ஓய்வு இரண்டு சுற்றுக்கானதாக ஆகிவிட்டது.

முதல் மாதம் ஆத்திரத்தில் ஒரு தப்புப் பண்ணினாள். வாரத்துக்கு இரண்டு நாள் என்று சாருலதா சொன்னதை விட்டுவிட்டுத் தினமும் மூச்சு முட்ட ஓடினாள். கோபத்துக்கு ஓய்வு நாள் உண்டா என்ன? பத்தே நாளில் முழங்காலுக்குக் கீழே எலும்பில் வலி தெறித்தது. கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு வாரம் வீணாயிற்று. அந்த இரண்டு வாரத்தில்தான் அவளுக்கு ஒன்று புரிந்தது. ஓடுகிற நானூறு மீட்டரில் கால் பலம் பெறுவதில்லை, நடக்கிற இரண்டு நிமிடத்தில்தான் பெறுகிறது. மூச்சு இரைக்க இரைக்க நின்று, இழுத்துப் பிடித்து, மறுபடி கிளம்பத் தெரிய வேண்டும். அதைக் கற்றுக்கொண்டால் போதும். அதற்குப் பிறகு அவள் ஓய்வையும் ஒரு வன்மத்தோடு எடுத்துக்கொண்டாள்.

ஆகஸ்டில் ஒரு நானூறுக்கு மூன்று நிமிடம் ஆனது. தீபாவளிக்கு முன்னால் இரண்டு நிமிடம் நாற்பது நொடி. டிசம்பரில் மழை விட்ட பிறகு இரண்டு நிமிடம் இருபது. பத்து தடவை, பத்து தடவையும் அதே வேகம். புடவை இடுப்பில் நிற்காமல் நழுவியது. சர்க்கரை இறங்கியது. டாக்டர் கைகொடுத்தார். அவள் டாக்டரைப் பற்றி நினைக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பழைய தேவானையாகவே ஓடினாள். அதே எண்பத்தேழு நிமிடம், சில நாள் வேண்டுமென்றே தொண்ணூறு. கடைசி ஆளாக வந்து, போட்டோ எடுத்து முடித்த பிறகு மெஸ்ஸுக்குப் போய், ஆறிய பொங்கலைச் சாப்பிட்டாள். விஜயராகவன் கிண்டல் பண்ணும்போதெல்லாம் அவளும் சேர்ந்து சிரித்தாள். ஆறு மாதம் அப்படிச் சிரிக்க என்ன நெஞ்சழுத்தம் வேண்டும் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். பழிவாங்குவது தப்பு என்று சொல்பவர்கள் தங்களை நான்கு மடங்கு வேகத்தில் பார்த்திருக்க மாட்டார்கள்.

டிசம்பர் நடுவில் லூப் ரோட்டில் முன்னும் பின்னுமாகப் பத்து கிலோமீட்டரை முழுதாக ஓடிப் பார்த்தாள். அன்புச்செல்வி செல்போனைப் பார்த்துச் சொன்னாள்.

"எழுவத்தி ரெண்டு."

தேவானை நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாள். பதினைந்து நிமிடத்தைக் குறைத்தவள் சந்தோஷப்பட வேண்டாமா? அழுகை வந்தது. அந்த மனிதர் எழுபதில் வருவார். பதினோரு வருஷமாக வருகிறார். இன்னும் மூன்றரை வாரத்தில் இரண்டு நிமிடத்தை எங்கே போய்ப் பிடுங்குவது?

"ரெண்டு நிமிசம்தானேக்கா. நம்ம வெயிட்டிங் நேரம் அவ்ளோதான்" என்றாள் அன்புச்செல்வி. ஆறுதலாகத்தான் சொன்னாள், ஆனால் அது ஆறுதலாக இல்லை.

அந்த இரண்டு நிமிடத்தை வாங்கிக் கொடுத்தது ஒரு தெருநாய்.

டிசம்பர் கடைசி ஞாயிறு. குழு கிளம்பி ஒரு கிலோமீட்டர்கூடப் போகவில்லை, எல்லோரும் ஒரே கும்பலாகத்தான் இருந்தார்கள். கச்சேரி சாலையில் ஒரு கறுப்பு நாய் காரணமில்லாமல் தேவானையைத் தேர்ந்தெடுத்துக் குரைத்துக்கொண்டு துரத்தியது. வேஷம் போட அவகாசம் இல்லை. காலைத் தூக்கினாள். கும்பலைத் தாண்டி, விஜயராகவனையும் தாண்டி இருநூறு மீட்டர் பறந்த பிறகுதான் நாய் சலித்துப்போய் நின்றது.

எல்லோரும் சிரித்தார்கள். விஜயராகவன் சிரிக்கவில்லை. அவர் காலைத் தூக்கிப்போட்டு, தாவாத குறையாக ஓடி வந்து, அவளைக் கடந்து முன்னால் போனார். போனவர் திரும்பிப் பார்த்து, இவள் பின்னால்தான் இருக்கிறாள் என்று உறுதிப்படுத்திக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அதற்குப் பிறகு அவர் முகம் தக்காளியாகச் சிவந்திருந்தது. பட்டினப்பாக்கத்தில் இரண்டு முறை இருமினார். அன்றைக்கு அவர் முடித்த நேரம் எழுபத்து மூன்றரை நிமிடம். "பனி ஜாஸ்தி" என்று எல்லோரிடமும் சொன்னார்.

ஆறிய பொங்கலை விழுங்கிக்கொண்டே தேவானை கணக்குப் போட்டாள். ஒரே ஒரு இருநூறு மீட்டர். அதற்கே மூன்றரை நிமிடம் போயிற்று. இந்த மனிதருக்கு ஒரே சீராக ஓடத் தெரியும், அவ்வளவுதான். மூச்சு இரைத்த பிறகு ஓடிக்கொண்டே அதை ஆற்றத் தெரியாது. ஆனால் இவளுடைய முதுகைப் பார்த்துவிட்டால் ஓடாமலும் இருக்கத் தெரியாது. அப்படியென்றால் அவரைவிட வேகமாக ஓட வேண்டிய அவசியமே இல்லை. அவரை இன்டர்வெல் பண்ண வைத்தால் போதும்.

அன்றைக்கு மெஸ்ஸில் அவள் இரண்டாவது காபி வாங்கிக் குடித்தாள்.

பந்தயத்தன்று பெசன்ட் நகர் கடற்கரையில் ஐந்தரை மணிக்கு ஆயிரக்கணக்கில் கூட்டம். தேவானை விஜயராகவனுக்கு முப்பதடி பின்னால் நின்றுகொண்டாள். கிளம்பியதும் அவருடைய பச்சைத் தொப்பியைக் கண்ணிலிருந்து விடாமல் அதே வேகத்தில் போனாள். ஒரு கிலோமீட்டர், ஏழு நிமிடம். இரண்டு, பதினான்கு. மனிதர் கடிகாரம்தான், அதில் சந்தேகம் இல்லை. அடையாறு டிப்போ தாண்டி, திரு.வி.க. பாலத்தில் ஏறும்போது நான்காவது கிலோமீட்டர். ஆற்றிலிருந்து வழக்கமான வாடை வந்தது. இங்கே என்று முடிவு பண்ணினாள்.

விளக்குக் கம்பங்களைக் கணக்கு வைத்துக்கொண்டாள். எட்டுக் கம்பம் வேகம், அப்புறம் நான்கு கம்பம் மெதுவாக. அவர் தோளை உரசுகிற மாதிரிக் கடந்து போனாள்.

"அட, மேடம்! நீங்களா?" என்ற குரல் பின்னால் கேட்டது. ஆறாவது கம்பத்தில் அவருடைய ஷூ சத்தம் நெருங்கியது. ஒன்பதாவது கம்பத்தில், இவள் வேகத்தைக் குறைத்ததும், அவர் கடந்துபோனார். "பாத்து. இப்பவே மூச்ச விட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். சொல்லும்போது அவருக்குத்தான் மூச்சு வாங்கியது.

தேவானை நான்கு கம்பம் மெதுவாக வந்தாள். நெஞ்சுத் துடிப்பு இறங்கியது, பழகிய துடிப்பு. பதின்மூன்றாவது கம்பத்தில் மறுபடி காலைத் தூக்கினாள்.

இரண்டாவது முறை அவர் ஒன்றும் பேசவில்லை. மூன்றாவது முறை, "என்ன மேடம்... இது..." என்று ஆரம்பித்து முடிக்க முடியாமல் விட்டார். விட்டுவிட வேண்டியதுதானே? அவருடைய எழுபது நிமிடம் அவர் கையில் இருந்தது. தன் வழியே தன் வேகத்தில் போயிருந்தால் தேவானை ஒன்றும் செய்திருக்க முடியாது. ஆனால் பத்தடி முன்னால் அந்தப் பாத்திரக் கடைக்காரியின் முதுகு. அவளைக் கேலி செய்து தான் போட்ட வீடியோவுக்கு முப்பது பேர் சிரித்திருக்கிறார்கள். அவரால் பொறுக்க முடியவில்லை. ஐந்தாவது முறை அவளுக்கு வழிவிடாமல் குறுக்கே ஓடிப் பார்த்தார். அவள் நடைபாதை ஓரமாக ஒதுங்கிக் கடந்தாள்.

ஆறாவது முறை சாந்தோம் மாதா கோயிலுக்கு முன்னால். அவர் அவளைக் கடக்கவில்லை, பக்கத்தில் வரத்தான் முடிந்தது. இடுப்பில் ஒரு கையை வைத்திருந்தார். தொப்பி எங்கேயோ விழுந்துவிட்டது. வாய் திறந்தபடி இருந்தது. அப்போதே அவரை விட்டுவிட்டு ஓடியிருக்கலாம், பந்தயம் முடிந்தாகிவிட்டது. தேவானை விடவில்லை. வேகத்தை இன்னும் குறைத்தாள். ஏறக்குறைய நடந்தாள். அவர் எட்டிப் பிடித்து, ஒரு அடி முன்னால் போய், ஜெயித்துவிட்டேன் என்று நினைக்கட்டும் என்று காத்திருந்தாள். அவர் போனார். நினைத்தார். அவர் முகத்தில் அந்த நினைப்பு தெரிந்ததும் ஏழாவது முறையாகக் கிளம்பினாள்.

கலங்கரை விளக்கம் அருகே திரும்பிப் பார்த்தபோது அவர் சாலைத் தடுப்பைப் பிடித்துக் குனிந்து நின்றுகொண்டிருந்தார். தண்ணீர் கொடுக்கும் பெண் ஒருத்தி அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். தேவானைக்கு உள்ளம் குளிர்ந்தது. சும்மா சொல்லக் கூடாது, கல்யாணத்தன்றுகூட அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. மிச்ச தூரம் முழுவதும் சிரித்துக்கொண்டே ஓடினாள். முடிக்கும்போது எழுபத்து மூன்று நிமிடம். அவர் எண்பத்தொன்றில் நொண்டிக்கொண்டு வந்தார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் விஜயராகவன் மாதிரி ஆட்கள் தோற்கிற இடத்தில் நிற்க மாட்டார்கள்.

உழைப்பாளர் சிலைக்குப் பக்கத்தில் குழுவின் பேனரைக் கட்டி எல்லோரும் நின்றிருந்தார்கள். எண்பத்தொரு நிமிடமா, கேப்டனுக்கா என்று வாயைப் பிளந்தபடி பார்த்தார்கள். அவர் ஒரு முழு பாட்டில் தண்ணீரைக் குடித்தார். முகத்தைத் துடைத்தார். நேராகத் தேவானையிடம் வந்து அவள் கையைப் பிடித்து மேலே தூக்கினார்.

"எல்லாரும் கை தட்டுங்கோ! எண்பத்தேழுல இருந்து எழுபத்து மூணு! நான்தான் பேஸ் பண்ணேன். என் டைமை விட்டுக் கொடுத்து, பாலத்துல இருந்து கூடவே ஓடினேன். வேகமா இழுக்கறது, அப்புறம் விடறது, மறுபடி இழுக்கறது. இன்டர்வெல்! மேடத்தை நான்தான் கரை சேத்தேன்."

கைதட்டல் காதைப் பிளந்தது. எல்லாம் அவருக்கு. "கேப்டன்னா இப்படி இருக்கணும்" என்று ஒருவர் சொன்னார். தேவானைக்குக் காலுக்குக் கீழே மணல் நழுவியது. ஆறு மாதம், விடியற்காலை ஐந்து மணி, தெறித்த கால், விழுங்கிய சிரிப்பு, எல்லாவற்றையும் அந்த மனிதர் ஒரே வாக்கியத்தில் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். சாருலதா வாயைத் திறந்தாள், யாரும் காதில் வாங்கவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த அன்புச்செல்வி, "யக்கா, இன்னா சும்மா நின்னுக்கினு கீற! பொய் சொல்றாரு பாரு!" என்று கத்தினாள்.

மறுத்துப் பேசலாம். பேசினால் என்ன ஆகும்? ஸ்போர்ட்டிவ்வா எடுத்துக்கணும் மேடம் என்பார். நன்றி கெட்டவள் என்று நாற்பது பேரும் நினைப்பார்கள். தேவானை இருபத்திரண்டு வருஷமாகக் கடையில் நிற்பவள். பித்தளையைப் பற்றி எனக்குத் தெரியாததா என்று அளந்துவிடுகிற வாடிக்கையாளரிடம் எந்தக் கடைக்காரரும் வாதாட மாட்டார். நீங்கள் சொன்னால் சரிதான் என்று சொல்லி, கடையிலேயே கனமான அண்டாவை இறக்கி அவர் தலையில் கட்டுவார்.

அவள் இரண்டு கையையும் கூப்பினாள்.

"சார் சொல்றது சத்தியம். சார் மட்டும் இல்லைன்னா நான் இப்படி ஓடியிருக்கவே மாட்டேன்" என்றாள் உரக்க. அதில் பொய்யே இல்லை. "வழியில சார் இன்னொண்ணும் சொன்னாங்க. தன்னடக்கம், அதான் இங்க சொல்லல. இனிமே செவ்வாயும் வியாழனும் காலையில அஞ்சு மணிக்கு லூப் ரோட்டுல சார் இன்டர்வெல் எடுக்காங்க. நானூறு மீட்டர், பத்து தடவை. மெதுவா ஓடுத என்னை மாதிரி ஆளுக எல்லாருக்கும். ஒவ்வொரு தடவையும் சாரே கூட ஓடி வருவாங்களாம்."

விஜயராகவன் காலியான பாட்டிலை மறுபடி வாயில் கவிழ்த்தார்.

"அப்படியா கேப்டன்? நானும் வரேன்!" என்றது ஒரு குரல். "என் பேரையும் எழுதிக்கோங்க" என்றது இன்னொன்று. மெதுவாக ஓடுகிறவர்கள் அந்தக் குழுவில் எத்தனை பேர் ஒளிந்திருந்தார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பதினோரு பேர் கை தூக்கினார்கள்.

"இல்ல, கார்த்தால அஞ்சு மணிக்குன்னா ஆத்துல கொஞ்சம்..." என்று இழுத்தார் அவர்.

கூட்டத்தில் காபி பிளாஸ்கோடு நின்றிருந்த அவருடைய மனைவி வைதேகி முன்னால் வந்தாள். முப்பது வருஷமாக அவர் புத்திமதியைக் கேட்டுக்கொண்டிருப்பவள். தேவானையை ஒரு தடவை நிதானமாகப் பார்த்தாள்.

"ஆத்துல ஒரு வேலையும் இல்லை. நாலரைக்கு நானே எழுப்பி அனுப்பிடறேன். நன்னா ஓடட்டும்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை அவர் வந்தார். வராமல் எப்படி இருக்க முடியும்? பதினோரு பேரும் அவருக்கு முன்னால் வந்து காத்திருந்தார்கள். முதல் நானூறில் கைதட்டி உற்சாகப்படுத்தினார். இரண்டாவதில் பேச்சு நின்றது. நான்காவது முடிந்ததும் மற்றவர்கள் நடந்துகொண்டிருக்க, தேவானை அருகில் வந்து முழங்காலில் கை ஊன்றிக் குனிந்தார். வியர்வை சொட்டிக்கொண்டிருந்தது.

"தேவானை" என்றார். மேடம் இல்லை. "இத்தோட விட்டுடும்மா. குரூப்புல எழுதிடறேன். நான் பேஸ் பண்ணல, நீயேதான் ஓடினே, நான்தான் தோத்தேன்னு போட்டுடறேன். அந்த வீடியோவுக்கும் சாரி சொல்லிடறேன். என்னால முடியல."

ஜூலையில் இதைச் சொல்லியிருந்தால் அவள் அங்கேயே அழுதிருப்பாள். இப்போது அவளுக்கு அவரைப் பார்க்கக் கொஞ்சம் பாவமாக இருந்தது. கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தை அவள் இரண்டு நிமிட ஓய்வு முடியும்வரை அனுபவித்தாள்.

"எதுக்கு சார் அதெல்லாம்?" என்றாள். "நீங்கதானே என்னைக் கரை சேத்தீங்க. அஞ்சாவது, வாங்க."

அவள் கிளம்பினாள். பதினோரு பேரும் கிளம்பினார்கள். சற்று நேரம் கழித்து, கடைசி ஆளாக, அவரும் பின்னால் ஓடி வந்தார்.